கொலைகாரனைத் தேடாத மூன்று வாரங்கள்

எங்கள் ஒஃபிஸ் வேனில் அதுவரை நடந்த சண்டையெல்லாம் யன்னலைத் திறப்பதா மூடுவதா என்பதைப் பற்றித்தான். ஒரு துப்பறியும் தொடரால் ஆட்கள் முகம் கொடுத்துப் பேசாமல் போவார்கள் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

வேன் களுவாஞ்சிகுடியில் புறப்பட்டு வழிநெடுக ஆட்களை ஏற்றிக்கொண்டு மட்டக்களப்பு ரவுணுக்குப் போகும். நான் செட்டிபாளையத்தில் ஏறுகிறவள். அரச அலுவலகமொன்றில் காணிப் பகுதியில் வேலை. களுதாவளையில் எனக்கு முன்னமே ஏறி, பக்கத்து இருக்கையில் கைப்பையை வைத்து எனக்கு இடம் பிடிப்பவள் என் சிநேகிதி. ஆசுபத்திரியில் தாதி. எங்களுக்குப் பின் இருக்கையில் ஒரு தமிழாசிரியர் வருவார். என்னைவிடக் கொஞ்சம் இளையவர், ஆனாலும் வேனில் எல்லோருக்கும் அவர் ‘சேர்’தான். முகநூலில் படங்களைப் பற்றி நீளமாக எழுதுவார். அதை வாசிக்கவென்றே ஒரு கூட்டம் அவருக்கு இருந்தது.

அந்தத் தொடர் தமிழ்நாட்டில் எடுத்தது. வெள்ளிக்கிழமைதோறும் போனில் ஒரு பாகம் வரும். மலையடிவாரத்து ஊரொன்றின் அணைக்கட்டில் ஒரு கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சரின் உடல் மிதக்கிறது. விசாரிக்க ஒரு பெண் இன்ஸ்பெக்டர் வருகிறாள். முதல் நான்கு பாகங்களும் எங்களை இருக்கையில் இருக்க விடவில்லை. ஒவ்வொரு பாகத்தின் முடிவிலும் ஒருவர் சொன்னது பொய் என்று தெரியவரும். திங்கட்கிழமை காலையில் வேன் நீதிமன்றம் மாதிரி இருக்கும். மனேச்சரின் பெண்சாதிதான் என்பார் சேர். டொக்டரை விடக்கூடாது என்பாள் என் சிநேகிதி. வேன் ஓட்டுகிற தம்பி கண்ணாடியில் எங்களைப் பார்த்து, “லொறிக்காரனை ஏன் ஒருத்தரும் கதைக்கிறீங்க இல்ல?” என்று கேட்பான்.

நான் சனிக்கிழமை பின்னேரங்களில் அதை டீவியில் போட்டு அப்பாவோடு சேர்ந்து பார்ப்பேன். அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து இரண்டு வருசத்துக்கு மேல். வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. வீட்டு ஹோலில்தான் அவருடைய கட்டில். காலையில் வேனுக்கு முன்னால் நானும் என் கணவருமாக அவரைப் பிரட்டி, துடைத்து, றப்பர் சீற்றைக் கழுவி, முதுகுக்குப் பவுடர் போட்டு, கஞ்சி பருக்கிவிட்டுத்தான் நான் சாறி உடுப்பேன். பகலில் பக்கத்து வளவில் இருக்கிற ஒரு பெண் வந்து பார்த்துக்கொள்வா. வேனில் இது என் சிநேகிதிக்கு மட்டும்தான் தெரியும். மறைத்தேன் என்றில்லை. வேன் எனக்கு அந்த வீட்டிலிருந்து வெளியே வருகிற இடம். அங்கே அதைப் பற்றிக் கதைக்க நான் விரும்பவில்லை.

அப்பாவின் வாயில் சில சொற்கள்தான் மிஞ்சியிருந்தன. ஆனால் அந்தத் தொடரை அவர் என்னைவிட உன்னிப்பாகப் பார்த்தார். புதிதாக ஒரு ஆள் திரையில் வந்தால் இடக்கையைத் தூக்கி, “இவன்தான்” என்பார். அடுத்த ஆள் வந்தால் அவனும்தான். எனக்கு அந்த ஒரு மணித்தியாலம் நல்லாயிருந்தது. நோயாளியும் நோயாளியைப் பார்க்கிறவளுமாக இல்லாமல், கொலைகாரனைத் தேடுகிற இரண்டு பேராக இருந்தோம்.

ஐந்தாம் பாகத்தில் இன்ஸ்பெக்டர் லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டாள். அவளுடைய அம்மா படுக்கையில் விழுந்துவிட்டா. பாகம் முழுக்க அந்த வீடுதான். மகள் அம்மாவின் தலையை வாருகிறாள். தோடம்பழத்தை உரித்துச் சுளை சுளையாகக் கொடுக்கிறாள். யன்னலில் மழை. அணைக்கட்டும் இல்லை, மனேச்சரும் இல்லை. ஒரு இடத்தில் மகள் ஈரத்துணியால் அம்மாவின் கையைத் துடைக்கிறாள், வயலின் வாசிக்கிறார்கள். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

“மாத்து,” என்றார்.

“கொஞ்சம் பொறுங்க அப்பா, திரும்பிப் போவா.”

“மாத்து.”

நான் நிறுத்திவிட்டுக் கிரிக்கெட் போட்டேன். மிச்சத்தைக் குசினியில் நின்று போனில் பார்த்தேன். அவள் திரும்பிப் போகவில்லை.

திங்கட்கிழமை நான் வேனில் கால் வைக்கும்போதே சேர் தொடங்கிவிட்டார். “என்ன அக்கா, பாத்தீங்களா? எப்பிடி எடுத்திரிக்கான்.”

“பாத்தன் சேர். கொலைகாரன எப்பயாம் தேடப் போறா?”

அவர் சிரித்தார். வகுப்பில் பிழையாக விடை சொன்ன பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. “கொலை எல்லாத் தொடர்லயும் இரிக்கு அக்கா. இப்பிடி ஒரு மகள எங்க காட்டியிரிக்கானுகள்? அவட கைய மட்டும் எவ்வளவு நேரம் காட்டுறான். எனக்குக் கண்ணில தண்ணி வந்திட்டு.”

“எனக்கு நித்திர வந்திட்டு,” என்றேன்.

தம்பி சிரித்தான். சேர் சிரிக்கவில்லை. அன்று அவ்வளவுதான்.

ஆறாம் பாகத்திலும் அதே வீடு. அந்தக் கிழமை சேர் முகநூலில் எழுதினார். மதிய இடைவேளையில் என் மேசையில் வைத்து வாசித்தேன். அந்த இரண்டு பாகங்களும் தமிழில் இதுவரை வராத காட்சிகள் என்று எழுதியிருந்தார். அதன் கீழே: ‘என்னோடு தினமும் பயணம் செய்யும் ஒருவர், கொலைகாரனை எப்போது தேடுவார்கள் என்று கேட்டார். பிணம் விழுந்தால்தான் கதை என்று பழகிப்போன கண்களுக்கு ஒரு மகளின் கை தெரியாது.’ நூறு பேருக்கு மேல் விருப்பம் போட்டிருந்தார்கள். ‘பாவம் அந்தப் பயணி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். சேர் அதற்குச் சிரிப்புப் படம் போட்டிருந்தார்.

நானும் என் பெயரிலேயே கீழே எழுதினேன். ‘அந்தப் பயணி நான்தான். துப்பறியும் கதை என்று சொல்லிக் கூப்பிட்டுவிட்டு வேறு கதை காட்டினால் கேட்கத்தான் செய்வேன்.’ பின்னேரம் பார்த்தால் எனக்குத் தெரியாதவர்களெல்லாம் எனக்கு ரசனை படிப்பித்துக்கொண்டிருந்தார்கள். கனடாவிலிருந்து ஒருவர், உங்களைப் போன்றவர்களுக்குப் பின்னேரத்து மெகா தொடர்தான் சரி என்று எழுதினார். சேர் அவருக்கும் விருப்பம் போட்டார். அதை நான் மறக்கவில்லை.

ஏழாம் பாகமும் அப்படியே போனபோது எனக்குப் பொறுக்கவில்லை. அந்தத் திங்கட்கிழமை நானே திரும்பி உட்கார்ந்தேன். வேன் ஆரையம்பதி தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

“சேர், ஒண்டு கேக்கிறன். அந்த மனிசி படுக்கையில கிடக்கிறா. மகள் தனிய. மூணு பாகத்தில ஒருக்காவாவது அவவப் பிரட்டிப் படுக்க வெச்சதக் காட்டினானா? தனிய ஒரு ஆளால அது ஏலுமா? வந்த நாள் தொட்டு ஒரே வெள்ளத் தலகணி உறை. ஒரு கறை இல்ல.”

“அதெல்லாம் காட்டத் தேவையில்ல அக்கா. அந்த வெள்ள ஒரு குறியீடு.”

“வெள்ளயா இருக்கிறதுக்கு ஆரோ தோய்க்க வேணும்.”

“நீங்க தோய்க்கிறதப் பாக்கப் போறீங்களா, அவட மனசப் பாக்கப் போறீங்களா?”

“தோய்க்கிறவக்கு மனசில்லையா?”

என் சிநேகிதி என் முழங்கையைப் பிடித்தாள். நான் உதறினேன். சேருக்கு முகம் சிவந்துவிட்டது.

“உங்களுக்கு விளங்காது,” என்றார். “கொலை, ரத்தம், அடுத்தது என்ன, அடுத்தது என்ன. ஒரு உயிர் அடங்கிப் போறதப் பக்கத்தில இருந்து பாக்கிற பொறும உங்களுக்கு இல்ல. அவ்வளவுதான்.”

அப்பாவின் விசயம் என் வாய்வரை வந்தது. சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே அவர் தோற்றிருப்பார். ஆனால் அப்பாவைத் தூக்கிக் காட்டி ஒரு வாதத்தை வெல்ல எனக்கு மனமில்லை. நான் சொன்னது சரியா பிழையா என்பதற்கு என் வீட்டில் யார் படுத்திருக்கிறார் என்பது தேவையில்லை. “ஓம் சேர், எனக்கு அந்த மனேச்சர ஆர் கொன்ற எண்டுதான் தெரிய வேணும்,” என்று சொல்லிவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த நாள் காலை நான் ஏறியபோது சேர் எழுந்து நின்றார். வேனுக்குள் குனிந்தபடி நின்று, கோயிலில் கதைக்கிற மாதிரிக் குரலைத் தாழ்த்தினார்.

“அக்கா, என்ன மன்னிச்சுக்கொள்ளுங்க. எனக்கு அப்பாட விசயம் தெரியா. இப்பதான் விளங்கிச்சு. உங்கட நிலமையில அந்தப் பாகங்களப் பாக்க ஏலாதுதான்.”

நான் என் சிநேகிதியைப் பார்த்தேன். அவள் கைப்பையின் சிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

“நான் பாக்க ஏலாதெண்டு சொல்லல்ல சேர்,” என்றேன். “அது பொய்யா எடுத்திரிக்கு எண்டு சொன்னன். அது சரியா பிழையா?”

“அத விடுங்க அக்கா. இனி நான் அதப் பத்திக் கதைக்க மாட்டன்.”

“கதைங்க. நேத்து கதைச்சீங்கதானே.”

“வேணாம் அக்கா. நீங்க மனசக் குழப்பிக்கொள்ளாதீங்க.”

நேற்றுவரை ரசனை இல்லாதவளாக இருந்தேன். அதற்காவது பதில் சொல்ல முடிந்தது. அன்றிலிருந்து நான் பாவம். நான் என்ன சொன்னாலும் அது என் நிலைமை சொல்வதாகிவிட்டது. தம்பிகூட யன்னல் கண்ணாடியை உயர்த்தட்டுமா என்று என்னிடம் மட்டும் கேட்டான். ரவுணில் இறங்கியதும் சிநேகிதியிடம், “உன்ன ஆர் சொல்லச் சொன்ன?” என்று கேட்டேன். “அவர் உன்னப் பத்தி அப்பிடிச் சொன்னது எனக்குத் தாங்கல்ல கா,” என்றாள். “எனக்காக நீ தாங்கவும் வேணாம், சொல்லவும் வேணாம்,” என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டேன்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் சேர் தன் பழைய பதிவில் இன்னொரு பந்தி சேர்த்திருந்தார். அலுவலகத்தில் கூட வேலை செய்கிற ஒருத்திதான் காட்டினாள். ‘அந்தப் பயணி, படுக்கையில் கிடக்கும் தன் தந்தையைப் பராமரிக்கும் சகோதரி என்று இப்போது அறிந்தேன். தன் வாழ்வையே திரையில் கண்டதால் அவரால் தாங்க முடியவில்லை. இதைவிட ஒரு கலைப் படைப்புக்கு என்ன வெற்றி வேண்டும்?’ விருப்பம் முன்னதைவிட இரண்டு மடங்காகியிருந்தது. கும்பிடுகிற கைகள் நிறைய.

அடுத்த நாள் வேனில் நான் உட்காரவில்லை. அவருடைய இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“அந்தப் பந்திய எடுங்க சேர்.”

“பேர் போடல்லையே அக்கா.”

“கீழ நான் என்ட பேரில எழுதியிரிக்கன். பாக்கிறவனுக்குத் தெரியாதா? என்ட அப்பாவ உங்கட தொடருக்குச் சாட்சி வைக்க ஆர் சொன்னது?”

“நான் நல்லதுக்குத்தான் எழுதினன். எத்தின பேர் உங்களுக்காகக் கவலப்பட்டிரிக்காங்க, பாருங்க.”

“அவங்க கவலப்பட என்ட வீட்டுக் கட்டில் என்ன காட்சிப் பொருளா? எடுங்க. இப்ப எடுங்க.”

“இறங்கினாப் பிறகு எடுக்கிறன்.”

“நீங்க எடுக்கும்வர நான் நிப்பன்.”

தம்பி வேகத்தைக் குறைத்துவிட்டான். கல்லடிப் பாலத்தில் ஏறும்போது சேர் போனை எடுத்தார். பந்தியை மட்டுமல்ல, பதிவையே அழித்தார். அழித்த பக்கத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“போதுமா? உங்களோட ஒருத்தரும் பரிவாக் கதைக்கவும் ஏலாது.”

“பரிவு வேணாம் சேர். மறுமொழிதான் கேட்டன்.”

பிறகு அவரும் நானும் பேசவில்லை. சேர் தம்பிக்குப் பக்கத்து முன் இருக்கைக்கு மாறிக்கொண்டார். இன்னும் அதே வேனில்தான் இரண்டு பேரும் போகிறோம்.

எட்டாம் பாகத்தில் இன்ஸ்பெக்டர் திரும்பி வந்தாள். அம்மா செத்தாவா பிழைத்தாவா என்று அவர்கள் சொல்லவேயில்லை. கொலை செய்தது அணைக்கட்டின் காவற்காரன் என்று கடைசிப் பாகத்தில் வந்தது. அந்த மூன்று பாகங்களுக்கும் அவனுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அதை வேனில் உரத்துச் சொல்ல எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் திங்கட்கிழமை அந்தத் தொடரின் பேச்சையே யாரும் எடுக்கவில்லை.

கடைசிப் பாகத்தை என் சிநேகிதி எங்கள் வீட்டில் இருந்துதான் பார்த்தாள். கூப்பிடாமல் வந்தாள். வந்ததும் அப்பாவின் முதுகைத் திருப்பிப் பார்த்து, இடுப்புப் பக்கம் சிவக்கத் தொடங்குகிறது, இன்னும் கொஞ்சம் அடிக்கடி பிரட்ட வேணும் என்றாள். அவள் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் பிடித்துப் பிரட்டினோம். பார்த்து முடிந்து, அப்பா கண்ணயர்ந்த பிறகு தேத்தண்ணி குடித்தோம்.

“ஒண்டு சொன்னா கோவிக்க மாட்டாய்தானே,” என்றாள். “எனக்கு அந்த மூணு பாகமும் பிடிச்சுது கா.”

நான் அவளைப் பார்த்தேன்.

“வார்ட்டில நான் எத்தின பேரத் துடைக்கிறன். ஒருத்தியக் கூட அந்த மகள் பாத்த மாதிரிப் பாத்ததில்ல. நேரமில்ல. அதுதான்.”

“அப்ப வேனில ஏன் வாயத் திறக்கல்ல?”

“திறந்திருந்தா நீ என்னோடயும் கதைக்காம இருந்திருப்பாய்.”

“இருந்திருப்பன்தான்,” என்றேன்.

அவள் மிச்சத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுச் செருப்பைத் தேடினாள். வழியனுப்ப நான் கேற்வரைகூடப் போகவில்லை. திங்கட்கிழமை அவள் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். நான் போய் அதில் இருந்தேன்.