ஆறு நீலச் சட்டைகள்

எங்கள் தையல் கூடத்தில் துணி வெட்டுகிறவருக்கு நாங்கள் வைத்த பெயர் நீலம் அண்ணன். அவரிடம் இருந்தது ஆறே சட்டை. ஆறும் ஒரே வெளிர் நீலம், ஒரே காலர், இடப்பக்கம் ஒரே பை. நான் அங்கே பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கிறவள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டேன்.

"இது நேத்துப் போட்டதா, இன்னைக்கு மாத்தினதா அண்ணே?"

"காலையில அலமாரி முன்னாடி நின்னு முழிக்க வேண்டாம்மா. கைக்கு எது வருதோ அதுதான்."

மனுஷன் கஞ்சம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஒரு நாள் மதியச் சாப்பாட்டின்போது அவரே சொன்னார். அவர் மனைவிக்கு மறதி நோய். கட்டம் போட்ட சட்டையில் போனால், "யார்ரா நீ, வெளியே போ" என்று தட்டைத் தூக்கி எறிவாராம். நீலச் சட்டையில் போனால் மட்டும் "ஏங்க, வந்துட்டீங்களா?" என்பாராம். அது புரிந்த அன்றைக்கே மற்ற சட்டைகளையெல்லாம் யார் யாருக்கோ கொடுத்துவிட்டு, ஒரே துணியில் ஆறு சட்டை வெட்டித் தைத்துக்கொண்டார். முகம் போனால் போகட்டும், நிறமாவது நிற்கட்டும் என்று ஒரு கணக்கு. கல்யாணமாகி முப்பத்தொரு வருஷம் கழித்து, ஒரு மனுஷன் சட்டைத் துணியை நம்பிப் பிழைக்க வேண்டியிருந்தது.

அந்த அம்மாவைத் தனியாக விட முடியாமல் போனபோது ஒரு காப்பகத்தில் சேர்த்தார். ஞாயிறுதோறும் போவார். "ஏங்க" என்ற அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுவிட்டு வந்தால், அடுத்த ஆறு நாளும் கத்தரி தடங்கலில்லாமல் ஓடும்.

வினை சீருடை உருவத்தில் வந்தது. காப்பகத்துப் பணியாளர்களுக்குச் சீருடை தைக்கும் வேலை எங்கள் கூடத்துக்கே கிடைத்தது. அளவு கொடுக்க வந்த காப்பகத்து மேலாளர் அம்மா அண்ணனின் சட்டையைத் தொட்டுப் பார்த்தார்.

"உங்க வீட்டம்மா இந்தக் கலரப் பார்த்தாதான் அடங்குறாங்க. இதையே எல்லாருக்கும் தைச்சிடலாமா?"

அண்ணன் ஒரு நிமிஷமாவது யோசித்திருக்கக் கூடாதா? நாள் முழுக்க அவள் பயமில்லாமல் இருப்பாள் என்று அவருக்குத் தலைகால் புரியவில்லை. தன் கையாலேயே துணியை விரித்து, சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, இருபத்து நாலு சட்டை வெட்டினார். இருபத்து நாலுக்கும் காஜா எடுத்தது நான். எனக்கும்தான் புத்தி வேலை செய்யவில்லை.

முதல் ஞாயிறு போய்விட்டு வந்தவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "எல்லாரையும் 'ஏங்க'ங்கிறாம்மா." நானும் சேர்ந்து சிரித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது. அடுத்தடுத்த வாரங்களில் அந்தச் சிரிப்பும் நின்றுவிட்டது. என்ன ஆயிற்று என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல" என்றார்.

மனசு கேட்காமல் ஒரு ஞாயிறு நானும் கூடப் போனேன். அந்த அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சாப்பிட்டு முடித்த தட்டு. தலை வாரி, பொட்டு வைத்து, யாருக்காகவோ தயாராக இருப்பதுபோல் இருந்தார். அண்ணன் எதிரில் போய் நின்றார். காலரைச் சரிசெய்துகொண்டார்.

அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். பயப்படவில்லை, கத்தவும் இல்லை. ரொம்ப மரியாதையாகச் சொன்னார்:

"இந்தத் தட்டை எடுத்துட்டுப் போயிடுங்க தம்பி. எங்க வீட்டுக்காரர் வர்ற நேரம்."

அண்ணன் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தார்.