கெட்டுப்போகாத கம்ப்யூட்டர்

அந்தக் கம்ப்யூட்டர் கெட்டுப்போகவே இல்லை. கெட்டுப்போனது போல் காட்டியவள் நான்! பிறகு நானே அதைச் சரிசெய்வதாக நடித்து, பெயரும் வாங்கிக்கொண்டேன்.

இத்தனை ஆண்டுகளில் இதை என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கே பல சமயம் சிரிப்புத்தான் வருகிறது... அதுதான் என்னை உறுத்துகிறது.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. கோவை கணபதியில், மோட்டார் பம்பு செய்யும் ஒரு கம்பெனி. போன் எடுப்பது, தபால் பிரிப்பது என் வேலை. காந்திபுரத்தில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்து வாங்கிய சான்றிதழ் வீட்டு பீரோவில் தூங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் எங்கள் அலுவலகத்துக்கு முதல் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. அதற்கென்று ஒரு கண்ணாடி அறை, ஏ.சி., திரையின் நெற்றியில் சந்தனப் பொட்டு! செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

அந்த நாற்காலி எனக்குத்தான் என்று முடிவே கட்டியிருந்தேன். மேனேஜர் தங்கவேல் சார் அதை ருக்மணி அக்காவுக்குக் கொடுத்துவிட்டார்.

அக்கா அங்கே பதினோரு வருட டைப்பிஸ்ட். தொண்டாமுத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவார். தோட்டத்தில் யானை புகுந்த மறுநாளும் சரியாக ஒன்பது மணிக்கு வந்து நின்று, "வாழையத் தின்னுபோட்டு அது போயிருச்சு கண்ணு. நாம லேட்டா வந்தா மேனேஜர்கிட்ட யானையா வந்து பதில் சொல்லும்?" என்று சிரிப்பார். யானைக்குப் பயப்படாத அந்த மனுஷி, மவுஸைத் தொடும்போது மட்டும் மூச்சைப் பிடித்துக்கொள்வார். மத்தியானம் தன் டிபன் பாக்ஸில் பாதி எனக்கு. இப்படிப்பட்டவர் மேல் எனக்கு என்ன கோபம்?

கோபமில்லை... பொறாமை!

ஒரு வியாழக்கிழமை எட்டரை மணிக்கே போய்விட்டேன். அலுவலகத்தில் யாரும் இல்லை. கம்ப்யூட்டரைப் போட்டேன். திரை முழுவதும் வந்ததும் கீபோர்டில் 'பிரிண்ட் ஸ்கிரீன்' பட்டனை ஒரு தட்டு தட்டினேன். திரை இருப்பது இருந்தபடி படமாகிவிட்டது. அந்தப் படத்தைப் 'பெயிண்ட்' என்ற படம் வரையும் புரோகிராமில் ஒட்டி, சேமித்து, அதையே திரையின் பின்னணியாக வைத்தேன். பிறகு உண்மையான ஐகான்களை எல்லாம் ஒரு ஃபோல்டருக்குள் தள்ளினேன். போக மறுத்த ஒன்றிரண்டைக் கண்ணில் படாதபடி ஓரமாக இழுத்து ஒதுக்கினேன். கீழே இருந்த பட்டையையும் ஒளிய வைத்தேன்.

இப்போது திரையில் எல்லாம் இருந்தது. எதுவுமே உண்மையில்லை! போட்டோவில் இருக்கும் கதவைத் தட்டினால் யார் வந்து திறப்பார்கள்?

ஐந்து நிமிடம் சிரித்துவிட்டுச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். உண்மையாகவா? அப்படித்தான் நினைத்தேனா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

ஒன்பது மணிக்கு அக்கா உட்கார்ந்தார். கிளிக் செய்தார். மறுபடியும் கிளிக். எழுந்து வந்து, "ஏனுங்க சார்... இது அமுத்துனா அசையவே மாட்டேங்குதுங்க" என்றார்.

தங்கவேல் சார் வந்து அமுக்கினார். முதலில் மெதுவாக, பிறகு ஏதோ நெல் குத்துகிற வேகத்தில்! அணைத்துப் போட்டார். அதே அசையாத திரை. ஸ்டோர்காரர், வாட்ச்மேன் எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து ஒரு கிளிக் செய்து பார்த்தார்கள். தபால் கட்டால் வாயை மறைத்துக்கொண்டு நான் சிரிப்பை அடக்கினேன். உங்களால் மட்டும் அடக்க முடிந்திருக்குமா?

கம்ப்யூட்டர் விற்றவர்களுக்குப் போன் போட்டோம். ஆள் சாயங்காலம்தான் வருவார் என்றார்கள். பகல் ஒரு மணிக்கு முதலாளி வருகிறார். வெளியூர் பார்ட்டிக்குத் தர வேண்டிய கொட்டேஷன் முழுவதும் அதற்குள் இருக்கிறது.

அப்போதுதான் அக்கா அழுதார்.

"சார்... நாந்தானுங்க கெடுத்துப்போட்டேன். நேத்து தூசியா இருக்குதுன்னு ஈரத்துணியில தொடச்சனுங்க. தண்ணி உள்ள எறங்கிருச்சாட்ட இருக்குதுங்க..."

செய்யாத குற்றத்தை அவர் ஒப்புக்கொண்டுவிட்டார்! செய்த நான் மூன்றடி தள்ளி நின்றேன். வாயைத் திறந்தேன். 'அக்கா, விளையாட்டுக்குச் செய்தேன்' என்ற சொல் நாக்கின் நுனிவரை வந்தது. வெளியே வந்தது வேறு.

"சார், நான் ஒருக்கா பாக்கட்டுங்களா?"

எல்லாரையும் வெளியே நிற்கச் சொன்னேன். இரண்டு நிமிட வேலையைப் பத்து நிமிடம் செய்தேன். நடுவில் பெட்டியின் பின்னால் போய், கேபிள்களைத் தொட்டுப் பார்த்து, நெற்றியைக்கூடச் சுருக்கினேன்... வெட்கமில்லாமல்!

திரை உயிர் பெற்றது. வாட்ச்மேன் கை தட்டினார். "இத்தன நாளா இந்தப் புள்ளையத் தபால் பிரிக்க வெச்சிருந்தமே!" என்றார் தங்கவேல் சார். அக்கா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "என்ற மானத்தக் காப்பாத்திப்போட்டே கண்ணு."

அடுத்த திங்கட்கிழமை அக்காவே மேனேஜரிடம் போய் நின்றார். "எனக்கு டைப்ரைட்டரே போதுமுங்க. அதை அம்மணிகிட்டயே குடுத்துருங்க."

கொடுத்தார்கள். உட்கார்ந்தேன். இன்று ஒரு பெரிய மில்லில் கம்ப்யூட்டர் பிரிவு முழுவதும் என் பொறுப்பு. அதன் முதல் படி அந்தத் திருட்டுப் படம்!

அக்கா அழிந்துபோய்விடவில்லை, அப்படி எழுதினால் அது இன்னொரு பொய். டைப்ரைட்டர் ஓய்ந்ததும் டெஸ்பாட்ச் பகுதிக்குப் போனார். லாரி டிரைவர்கள் அவரைக் கண்டாலே பீடியை அணைப்பார்கள். என் கல்யாண மேடையில் ஏறி, கம்ப்யூட்டரை நான் பிழைக்க வைத்த கதையை மாப்பிள்ளை வீட்டாருக்கு விலாவாரியாகச் சொன்னார். நான் மாலைக்குள் முகத்தைப் புதைத்தேன். வெட்கப்படுகிறாள் என்று எல்லாரும் மெச்சினார்கள்!

ஆனால் ஒன்று. அதற்குப் பிறகு அவர் கம்ப்யூட்டரைத் தொடவேயில்லை. போனில்கூட, எண்ணை மகன் போட்டுக் கொடுத்தால்தான் பேசுவார். "என்ற கை பட்டா கெட்டுப்போகும் கண்ணு" என்பார், சிரித்துக்கொண்டே.

அந்தச் சிரிப்பு...!

சென்ற ஆண்டு துணிந்து அவர் வீட்டுக்குப் போனேன். சந்தகையும் தேங்காய்ப்பாலும் வைத்தார். முதல் வாய் சாப்பிடுமுன் சொல்லிவிட்டேன்.

"அக்கா, அன்னிக்குக் கம்ப்யூட்டர் கெடவே இல்லீங்க. நான்தான் திரையப் படம் எடுத்து வெச்சு உங்கள ஏமாத்துனேன்."

அக்கா என்னையே பார்த்தார். பிறகு கண் கலங்க, சமையலறையில் இருந்த மருமகளைக் கூப்பிட்டார்.

"இங்க வா அம்மணி, இவளப் பாரு! இத்தன வருசம் கழிச்சும் என்ற மனசு நோவக்கூடாதுன்னு பழிய அவ மேல போட்டுக்கறா. இந்த மனசு ஆருக்கு வரும்?"

"இல்லீங்க அக்கா, நெசமாத்தான்..."

"சும்மா இரு. எனக்குத் தெரியாதா உன்னைய?"

இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுபோய்ச் செய்தே காட்டியிருக்கலாம். மருமகள் என்னைக் கும்பிடாத குறையாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அக்கா தட்டில் இன்னும் இரண்டு கரண்டி தேங்காய்ப்பால் ஊற்றினார். சாப்பிட்டேன்.