கையெழுத்து அண்ணன்

எங்கள் ஆபீஸ் தபால் பிரிவு கிளார்க்குக்கு நாங்கள் வைத்த பெயர் கையெழுத்து அண்ணன். ஊழியர் சங்கத்தில் கடன் வாங்க இரண்டு பேர் ஜாமீன் போட வேண்டும். யார் வாங்கினாலும் அதில் ஒருவர் அண்ணன்தான். ஃபாரத்தைப் படித்துக்கூடப் பார்க்க மாட்டார். "அரசாங்கச் சம்பளம், எங்க ஓடிடப் போகுது?" என்பார். அசட்டு மனுஷன்! நானே இரண்டு தடவை அவரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறேன்.

சம்பளம் ஓடவில்லை, ஆள் ஓடிவிட்டார். அண்ணன் ஜாமீன் போட்ட டிரைவர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போனார். உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாது. ஆனால் அண்ணனின் சம்பளச் சீட்டில், டிரைவர் கடனுக்கான பிடித்தத்துக்குப் பக்கத்தில், மாதம் தவறாமல் அந்த ஆள் பெயர் வந்து நிற்கும். "வந்துட்டான் பாரு" என்று அண்ணன் சிரிப்பார்.

அந்தச் சமயத்தில்தான் அண்ணிக்குக் கண்ணில் அழுத்தம் ஏறியது. இரண்டு மாதத்துக்குள் ஆபரேஷன் செய்யாவிட்டால் பார்வை போய்விடும் என்றார் டாக்டர். ஆபீஸ் காப்பீட்டில் ஆபரேஷன் முடிந்த பிறகுதான் பணம் தருவார்கள். முன்பணத்துக்குச் சங்கக் கடன் ஒன்றுதான் வழி. பியூன் ஒருவர் ஜாமீன் போட்டார். இன்னொரு கையெழுத்துக்காக அண்ணன் மேஜை மேஜையாகப் போய் நின்றார். டிரைவர் கதை எல்லாருக்கும் தெரியுமே! கடைசியாக என் டைப் மேஜைக்கு வந்தார்.

"வீட்டுக்காரர் சத்தம் போடுவாருண்ணா" என்றேன். பச்சைப் பொய். அவருக்கு இந்த விஷயமே தெரியாது.

"பரவால்லம்மா. உனக்கும் புள்ளைங்க இருக்கு."

ஃபாரத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து யாராவது காகிதத்தோடு என் முன்னால் வந்து நின்றாலே நான் நிமிராமல் டைப் அடித்துக்கொண்டே இருக்கிறேன். நிமிர்ந்தால் அண்ணன் நிற்பார் என்று தோன்றும்.

அங்கே இங்கே புரட்டி அவர் பணம் சேர்த்தபோது ஐந்து மாதம் ஆகியிருந்தது. இனிமேல் பிரயோஜனமில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

அவர் ரிடையர் ஆன பிறகு மனசு கேட்காமல் வீட்டுக்குப் போனேன். அண்ணி என் குரலைக் கேட்டதும் தடவித் தடவி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"டைப்பிஸ்டுதானே? நீ ஒருத்திதான் அவருக்குக் கையெழுத்துப் போட்டியாமே. சங்கத்துலதான் பணம் இல்லேன்னுட்டாங்களாம். சொல்லிச் சொல்லி மாஞ்சு போவாரு. நல்லா இருக்கணும்மா நீ."

அண்ணன் என்னைப் பார்க்காமல் காபி போட உள்ளே போனார்.

"ஆமாண்ணி" என்றேன் நான்.