செல்லையாவுக்கு நீங்கள் என்ன வேண்டும்?

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

“டாக்டரம்மாவா? ஸ்டேஷன்ல இருந்து ஏட்டு பேசுதேன். செல்லையான்னு ஒருத்தரு நேத்து தச்சநல்லூர் பஸ் ஸ்டாப்புல மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரியில இறந்துட்டாரு. அவரு போன்ல உங்க நம்பர்தான் முதல்ல இருக்கு. நீங்க அவருக்கு என்ன வேணும்?”

ஒன்றாக வேலை பார்த்தோம் என்றேன்.

“அது உறவுல சேராதும்மா” என்றார். குரலில் கடுமை இல்லை.

முக்கூடல் பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்கு மாடு ஓட்டி வந்தவர்களுக்குச் செல்லையாவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நான் அங்கே மருத்துவராக இருந்த பதினோரு வருடமும் அவர் தினக்கூலி உதவியாளர். வேலை நிரந்தரமாகவில்லை. அதனால் பணிப்பதிவேடும் இல்லை. வாரிசு யார் என்று எந்தப் படிவமும் அவரைக் கேட்டதில்லை.

நான் சேர்ந்த முதல் வாரம் ஒரு பசுவுக்கு ஈனும்போது கன்று குறுக்கே நின்றுவிட்டது. போய் இறங்கியதும் மாட்டுக்காரர், “பொம்பளையா? ஆம்பள டாக்டர் யாரும் இல்லையா?” என்றார். செல்லையா வாளித் தண்ணீரைக் கீழே வைத்தார். “அண்ணாச்சி, மாடும் பொம்பளதான. அதுக்கு இல்லாத கூச்சம் உமக்கு எதுக்கு வே?” மாட்டுக்காரர் கயிற்றைப் பிடித்தார். கன்று பிழைத்தது.

சொந்த ஊர் எது என்று ஒருமுறை கேட்டேன். “மணிமுத்தாறு அணைக்கு மேல, தேயிலைத் தோட்டத்துல பொறந்தேன். அப்பாவும் அம்மாவும் அங்கனயே போய்ச் சேந்துட்டாவ. நான் கீழ இறங்கினவன்தான், திரும்ப ஏறல” என்றார். வாசலில் மாடு நின்றது. அத்தோடு விட்டுவிட்டேன்.

அதை ஏட்டிடம் சொன்னேன். விசாரித்துப் பார்த்தார். தோட்டத்து வீடுகள் இப்போது காலி. ஆட்கள் ஆளுக்கொரு திசையில். செல்லையாவின் கைப்பேசியில் இருந்த எண்களையும் ஒவ்வொன்றாக அழைத்திருக்கிறார். “உங்களத் தவிர ஆளு பேரே இல்லம்மா. முக்கூடல் செவலை, பாப்பாக்குடி ஜெர்சின்னு எல்லாம் மாடுதான். உறவுன்னு ஒருத்தரும் சொல்லல.”

பத்திரிகையில் அறிவிப்பு வந்தது. குறிப்பிட்ட நாள்வரை யாரும் வராவிட்டால் ஆதரவற்ற சடலமாகக் கணக்கில் சேரும். தெரிந்தவர் யாராவது எழுதிக் கொடுத்தால் அவரிடம் ஒப்படைக்கலாம் என்றார் ஏட்டு. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். சென்னையிலிருந்து என் மகன், “போலீஸ் விஷயம், உனக்கு எதுக்கும்மா?” என்றான். அன்று முழுவதும் நான் ஏட்டை அழைக்கவில்லை. இதையும் எழுதத்தான் வேண்டும். மறுநாள் போய் எழுதிக் கொடுத்தேன். உறவுமுறை என்ற இடத்தில் ‘உடன் பணிபுரிந்தவர்’ என்று எழுதினேன். ஏட்டு அதைப் படித்துவிட்டு முத்திரை குத்தினார்.

ஆற்றங்கரை மின்மயானத்துக்கு நான்கு பேர் வந்திருந்தார்கள். ஏட்டு, நான், செல்லையா குடியிருந்த அறையின் சொந்தக்காரர், முக்கூடலிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த சுப்பம்மாள். எண்களில் ‘செவலை’ என்றிருந்தது அவருடைய பசு.

“சூடம் ஏத்த யாரு?” என்று மயான ஊழியர் கேட்டார். அறைக்காரர் ஏட்டைப் பார்த்தார். ஏட்டு தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் ஏத்துதேன்” என்றார் சுப்பம்மாள்.

“பொம்பளையாளு...” என்று ஊழியர் இழுத்தார்.

“எம் மாடு நாலு கன்னும் அவுக கையிலதான் போட்டுச்சு. நீங்க வெலகுங்க.”

ஏற்றினார். ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. சாம்பலைத் தாமிரபரணியில் கரைத்தோம். சுப்பம்மாள் பால் கறக்க நேரமாகிவிட்டது என்று பஸ்ஸைப் பிடித்தார்.

இறப்புச் சான்றிதழ் என்னிடம் வந்தது. பட்டா மாற்றவோ வேறு எதற்கோ அதைக் கேட்டு இனி யாரும் வரப்போவதில்லை. என் படிப்புச் சான்றிதழ்கள் இருக்கும் கோப்பிலேயே அதையும் வைத்திருக்கிறேன். அதில் தாயின் பெயர் என்ற இடத்தில் ஒரு கோடு மட்டும் இருக்கிறது. பதினோரு வருடம் பக்கத்தில் நின்று வேலை பார்த்தேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.