லைசன்ஸ் பறிபோன மனுசன்

செப்டெம்பர் மாசம் டொக்டர் என்ரை ரத்த ரிசல்ட்டைக் கொம்பியூட்டரிலை பாத்துப்போட்டு, நாப்பத்தேழு எண்டார். நாப்பத்தெட்டு எண்டால் சீனி வருத்தம். நான் ஒரு நம்பர் தள்ளி நிண்டன். ஜனவரியிலை திருப்பிப் பாப்பம், அதுக்குள்ளை உடம்பை அசைச்சு நம்பரை இறக்கினால் சரி, இல்லாட்டில் குளிசை தொடங்க வேணும் எண்டு சொன்னார். குளிசைக்கு நான் பயப்பிடேல்லை. ரொறன்ரோவிலை இருக்கிற என்ரை அண்ணைக்கும் முதல்ல குளிசைதான் குடுத்தவை. இப்ப அவர் கிழமைக்கு மூண்டு நாள் மெசினிலை ரத்தம் சுத்திகரிக்கப் போறார். அம்பத்திரண்டு வயசு ஆம்பிளை, கார் பார்க்கிலை கண்ணாடியை ஏத்திவிட்டு அழுதுபோட்டுத்தான் காரை எடுத்தன்.

வீட்டை வந்து மனுசியிட்டைச் சொன்னன். அவ குசினிக் கதவைச் சாத்திப்போட்டு, ஆருக்கும் சொன்னனீங்களோ எண்டுதான் முதல்ல கேட்டா. எங்கடை சனம் அப்பிடித்தான். வீடு வாங்கினதை, பிள்ளை யூனிவர்சிற்றிக்கு எடுபட்டதை அண்டைக்கே லண்டன் ஈஸ்ட் ஹாம் முழுக்கச் சொல்லிப்போடும். வருத்தத்தை மட்டும் செத்தவீட்டிலைதான் சொல்லும். மகளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருக்கிறம், தகப்பனுக்குச் சீனி எண்டால் பரம்பரை எண்டு கதைப்பினம், மூச்சு விடக்கூடாது எண்டா. நானும் யோசியாமல் ஓம் எண்டன். பிறகு நான் பட்ட பாடெல்லாம் அந்த ஒரு ஓமாலைதான்.

எங்களுக்கு வீடு இல்ஃபோர்ட்டிலை, எனக்கு வேலை ஸ்ட்ராட்ஃபோர்ட்டிலை. நேர் றோட்டு, மேடு பள்ளம் பெரிசா இல்லை. காரை வீட்டு வாசலிலை விட்டுட்டு ஒக்டோபர் தொடங்க ஒரு சைக்கிள் வாங்கினன். அதோடை பஞ்சு வைச்ச இறுக்கக் காற்சட்டை ஒண்டும். அதை உள்ளுடுப்பில்லாமல் போட வேணும் எண்டு கடையிலை ஒருத்தரும் சொல்லேல்லை. நான் மரியாதைப்பட்ட குடும்பம், உள்ளை ஒண்டு போட்டுத்தான் போனன். ரெண்டு கிழமை கதிரையிலை சரிச்சுச் சரிச்சு இருந்தன். ஒஃபிஸிலை எனக்கு மூலம் எண்டு முடிவு கட்டிப்போட்டினம். பின்சில்லுக்கு மட்காட் இல்லாததாலை மழை நாளிலை சேறு தெறிச்சு முதுகிலை ஒரு கறுப்புக் கோடு கழுத்து மட்டும் ஏறியிருக்கும். அந்தக் கோட்டோடை ஒருநாள் மனேச்சருக்கு முதுகைக் காட்டி நிண்டு போர்ட்டிலை எழுதி விளங்கப்படுத்தினன். மனுசன் சிரிப்பை அடக்கப் பல்லைக் கடிச்சுக்கொண்டு இருந்தான், பாவம்.

அந்தக் காற்சட்டையை மனுசி வெளிக்கொடியிலை காயவிடவே மாட்டா. பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைப்பினம் எண்டு குளியலறைக்குள்ளை ஒரு துவாயாலை மூடித்தான் காயவிடுவா. அதுக்கு ரெண்டு நாள் எடுக்கும். அரைவாசி ஈரத்தோடை அதை இழுத்துப் போடுற காலமையளிலை நான் டொக்டரைத் திட்டின திட்டு கொஞ்சநஞ்சமில்லை. எண்டாலும் ஓடினன். சிவப்பு லைற்றிலை மூச்சு வாங்க நிக்கேக்கை அண்ணையின்ரை மெசின்தான் கண்ணுக்கு முன்னாலை வரும். பச்சை விழ முதலே காலை அமத்துவன்.

ஒக்டோபர் கடைசியிலை ஒரு நாள் நல்ல மழை. ரொம்ஃபோர்ட் றோட்டுச் சிக்னலிலை நனைஞ்ச கோழி மாதிரி நிண்டன். பக்கத்திலை ஒரு வெள்ளிக் கலர்க் கார் வந்து நிண்டுது. கண்ணாடி இறங்க, உள்ளை எங்கடை கோயில் நிர்வாகத் தலைவர். அறுபது வயசு, நல்ல மனுசன், ஊர்ப் புதினம் ஒண்டும் அவரைத் தாண்டிப் போகாது. என்ரை தலையையும் மஞ்சள் ஜக்கெற்றையும் பாத்து, அந்தக் காற்சட்டையையும் பாத்து, ஏறுங்கோ தம்பி, சைக்கிளைப் பின்னாலை போடுவம் எண்டார். வேண்டாம் அண்ணை, சும்மா ஓடுறன் எண்டன். அவர் என்னை ஒரு மாதிரிப் பாத்தார். கார் வைச்சிருக்கிற ஒரு யாழ்ப்பாணத்தான் லண்டன் மழையிலை சும்மா சைக்கிள் ஓடமாட்டான் எண்டது அவருக்கு நல்லாத் தெரியும். சிக்னல் விழ, கவலையோடை தலையை ஆட்டிப்போட்டுப் போனார்.

பின்னேரம் நாலு மணிக்கு மனுசிக்கு முதல் போன் வந்துது. அஞ்சு மணிக்குள்ளை மூண்டு. எல்லாரும் சுத்தி வளைச்சுத்தான் கேட்டவை, ஆனால் கதை ஒண்டுதான். நான் குடிச்சுப்போட்டுக் கார் ஓடிப் பிடிபட்டிட்டனாம், லைசன்ஸைப் பறிச்சுப்போட்டாங்களாம். நான் கிறிஸ்மஸுக்கு ஒஃபிஸிலை அரைக் கிளாஸ் வைன் குடிச்சால் ரயிலிலை நித்திரையாகி அங்காலை ரெண்டு ஸ்ரேசன் போற ஆள். வேலையாலை வந்து இதைக் கேக்க எனக்குப் பத்திக்கொண்டு வந்துது. இப்பவே போன் எடுத்துக் காரணத்தைச் சொல்லப்போறன் எண்டன். மனுசி வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவ, கத்தியைக் கீழை வைச்சா.

"குடிகாரன் எண்டே இருக்கட்டும்," எண்டா. "குடியை விட்டிட்டார் எண்டு பிறகு சொல்லலாம். சீனியை விட்டிட்டார் எண்டு சொல்ல ஏலுமோ?"

லண்டன் வந்து இருபத்தாறு வருஷம் ஒழுங்கா இருந்த மனுசன், ஒரு பின்னேரத்திலை குடிகாரன் ஆனன்.

குடிகாரனாகிறது பெரிய காரியமில்லை. அதுக்குப் பிறகு வாற இரக்கம்தான் கோதாரி. எங்கடை சனத்துக்கு ஒருத்தனிலை இரக்கம் வந்தால் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிடும். தீபாவளிக்கு முதல் கிழமை தொடங்கி வீட்டுக்குச் சக்கரைப் பாகிலை சுட்ட அரியதரம் வந்துது, பயத்தம் பணியாரம் வந்துது, மட்டன் ரோல்ஸ் பெட்டி பெட்டியா வந்துது. பலசரக்குக் கடைக்காரர் அரிசி மூட்டைக்கு மேலை ஒரு பக்கற் மஸ்கெற் அல்வா வைச்சு, மனசைத் தளரவிடாதேங்கோ எண்டார். தலைவர் தானே நேரிலை வந்தார். தன்ரை மனுசி சுட்ட அரியதரத் தகரத்தை என்ரை மடியிலை வைச்சுப்போட்டு, நான் ஒண்டு சாப்பிடும் வரைக்கும் கதிரையை விட்டு எழும்பேல்லை. வேண்டாம் எண்டால் ஏன் எண்டு கேப்பார். ஏன் எண்டால் என்ன சொல்லுறது? ஒண்டு சாப்பிட்டன். ரெண்டாவது அவர் கேளாமலே சாப்பிட்டன், அதை ஏன் மறைப்பான். அதைக் கரைக்க அடுத்த நாள் வேலைக்கு வான்ஸ்டெட் பக்கத்தாலை சுத்தி ஓடினன். ஒரு கையாலை நம்பரை இறக்க, ஊர் ரெண்டு கையாலை ஏத்திச்சுது.

டிசெம்பரிலை ஒரு காலமை எங்கடை தெரு மூலையிலை ஐஸ் வழுக்கி, சைக்கிள் ஒரு பக்கம் நான் ஒரு பக்கம். முழங்கால் தேஞ்சுதே தவிர வேறை ஒண்டுமில்லை. இனி றோட்டிலை ஓடினால் சாப்பாடு சமைக்கமாட்டன் எண்டு மனுசி சத்தியம் பண்ணினா. சரியெண்டு, சைக்கிளைப் பின்சில்லு இல்லாமல் பூட்டி வீட்டுக்குள்ளையே நிண்ட இடத்திலை ஓடுற மெசின் ஒண்டு வாங்கினன். அதை எங்கை வைக்கிறது? வீட்டிலை மிச்சம் இருந்தது மேல் மாடியிலை ஒரு சின்ன அறை. அது எங்கடை சாமியறை.

மனுசி ஐயருக்குப் போன் பண்ணிக் கேட்டா. ஐயர் நல்லா யோசிச்சுப்போட்டு, குளிச்சிட்டு ஏறினால் தோஷமில்லை எண்டிட்டார். உலகத்திலை சைக்கிள் ஓட முதலும் குளிச்சு, ஓடினாப் பிறகும் குளிக்கிற ஒரே ஆள் நானாத்தான் இருப்பன். சாமியறைக்குள்ளை சப்பாத்துக் கூடாது, அதாலை வெறுங்காலோடை பெடலை மிதிச்சன். வேர்க்குது எண்டு காத்தாடியைப் போட்டன், விளக்கு நூந்துபோச்சுது. மனுசி ஓடிவந்து நெஞ்சிலை கைவைச்சா, வீட்டுக்கு என்ன கெடுதி வரப்போகுதோ எண்டு. காத்தாடியை நிப்பாட்டினன். என்ரை வேர்வை ஆவியாலை முருகன்ரை படக் கண்ணாடியிலை பனிமூட்டம் மாதிரிப் புகார் மூடிச்சுது. மெசின்ரை ஸ்கிரீனிலை நான் பிரான்ஸ் மலையிலை ஏறிக்கொண்டிருக்க, பின்னாலை மனுசி சீலைத் தலைப்பாலை முருகனைத் துடைச்சுக்கொண்டிருப்பா. ஒரு நாள் துடைச்சு முடிச்சுப்போட்டுப் போகாமல் அங்கையே நிண்டா. நான் திரும்பிப் பாக்க, கண் கலங்கியிருந்துது. என்ன எண்டு கேட்டன். நம்பர் இறங்குமோ எண்டா. இறங்கும் எண்டன். எனக்கும் தெரியாது.

ரத்தம் குடுக்கிற நாள் தைப்பொங்கலுக்கு அடுத்த நாள் எண்டு வந்துது. பொங்கலண்டு கோயிலிலை நல்ல சனம். பூசை முடிய எல்லாரும் சாப்பாட்டு வரிசையிலை நிண்டம். கலியாணம் பேசுற பகுதியிலை மாப்பிள்ளையின்ரை தாயும் தமக்கையும் எங்களுக்கு நாலு பேர் முன்னாலை. தலைவர் தான் பரிமாறினவர். என்னைக் கண்டவுடனை பேப்பர்த் தட்டிலை சக்கரைப் பொங்கலை மலை மாதிரிக் குவிச்சு, அதுக்கு மேலை முந்திரிகைப் பருப்பையும் தேடிப் பொறுக்கி வைச்சார். உந்தக் குளிரிலை சைக்கிள் ஓடுறியள், உடம்பிலை தெம்பு வேணும் எண்டார். லைசன்ஸைத் திருப்பி எடுக்கத் தனக்கு ஒரு லோயரைத் தெரியும், தம்பி குடியை மட்டும் விட்டால் போதும் எண்டும் சொன்னார். மெதுவாச் சொல்லுறன் எண்டு நினைச்சுத்தான் சொன்னார். அவரின்ரை மெதுவு வாசல் வரைக்கும் கேக்கும்.

நான் ஒரு பிடி அள்ளினன். வாய்க்குக் கிட்டக் கொண்டுபோக, மனுசி தட்டைப் பறிச்சா.

"அவர் குடிக்கிறேல்லை அண்ணை," எண்டா. குரல் நல்ல பலமாத்தான் வந்துது. "அவருக்குச் சீனி வரப்பாக்குது. நாளைக்கு ரத்தம் குடுக்க வேணும். இனி ஒருத்தரும் இவருக்கு ஒண்டும் குடுக்காதேங்கோ."

வரிசை அப்பிடியே நிண்டுபோச்சுது. நான் மாப்பிள்ளையின்ரை தாயைப் பாத்தன். அவ தன்ரை தட்டைப் பாத்தா. பிறகு, என்ரை இவருக்குப் பதினொரு வருஷமாச் சீனி எண்டு சொல்லிப்போட்டு, கைப்பையைத் திறந்து அவரின்ரை இன்சுலின் ஊசிப் பெட்டியை வெளியிலை எடுத்தா. அவ்வளவுதான், அணை உடைஞ்சுது. ஒருத்தர் தன்ரை நம்பர் அம்பத்தெட்டு எண்டார், ஒருத்தர் அறுபத்திரண்டு எண்டார், பலசரக்குக் கடைக்காரர் தனக்கு எழுபதைத் தாண்டிப்போச்சு எண்டு ஏதோ சோதினையிலை வந்த மாக்ஸ் மாதிரிச் சொன்னார். பத்து நிமிசத்திலை கோயில் மண்டபம் கிளினிக் ஆச்சுது. சக்கரைப் பொங்கல் அரை அண்டா மிஞ்சினதிலை சமைச்சவர் இண்டைக்கும் எங்களோடை கதைக்கிறேல்லை.

நான் சப்பாத்துப் போட வெளியிலை மர வாங்கிலை இருக்கேக்கை, தலைவர் வந்து பக்கத்திலை இருந்தார். குனிஞ்சு வலது கால் சொக்ஸைக் கழட்டினார். சுண்டுவிரலும் அதுக்குப் பக்கத்து விரலும் இல்லை.

"எட்டு வருஷமா நான் சொக்ஸோடைதான் கோயிலுக்குள்ளை நிக்கிறன்," எண்டார். "ஓகஸ்ட் மாசம் தேருக்கும். குளிர் எண்டு சொல்லுவன், சனம் நம்பும்."

ரெண்டரை மாசமா இந்த மனுசனிலை எனக்கிருந்த கோவம் முழுக்க அந்த வாங்கிலை போச்சுது. நானே குனிஞ்சு அவருக்குச் சொக்ஸைத் திருப்பிப் போட்டுவிட்டன். அவர் காலை என்னட்டை விட்டுட்டுச் சும்மா இருந்தார்.

அடுத்த கிழமை ரிசல்ட் வந்துது. நாப்பத்திமூண்டு. இப்ப குளிசை வேண்டாம், சைக்கிளை விடாதேங்கோ எண்டினம். நான் ஒஃபிஸ் படிக்கட்டிலை இருந்து மனுசிக்குச் சொன்னன், அவ போனிலையே அழுதா. அடுத்ததா அண்ணைக்குச் சொன்னன். மூண்டாவது போன் தலைவருக்கு. அவர் நல்லது தம்பி, நல்லது எண்டார். பிறகுதான் சொன்னார். தனக்கும் அந்தக் கிழமைதான் ரிசல்ட் வந்ததாம், தொண்ணூறாம், மற்றக் காலைப் பாக்க ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லிப்போட்டினமாம். வீட்டிலை இன்னும் சொல்லேல்லையாம். சொல்ல வாய் வருகுதில்லையாம்.

"உங்கடை மனுசியை ஒருக்கா வரச்சொல்லுவியளோ?" எண்டு கேட்டார். "அவ வந்து சொல்லட்டும்."

வீட்டை போய் மனுசியிட்டைச் சொன்னன். அவ அடுப்பை நிப்பாட்டிப்போட்டுக் குளிர்க் கோட்டை எடுத்துப் போட்டா.