அப்பா கரையை வெட்டவில்லை

அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்கள் பலரும், "உங்க அப்பா தங்கமான மனுஷன்" என்று எங்களிடம் சொன்னீர்கள். அவர் உயிரோடு இருந்தபோது ஊரைக் கெடுக்க வந்தவர் என்று பேசியவர்களும் உங்களில் உண்டு. அதை மறைத்துவிட்டு அவரைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுத, மூத்த மகளான என்னால் முடியாது.

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, கடலையொட்டிய கடைமடைக் கிராமத்தில் பிறந்தவர் அப்பா. அப்பாவின் சிறு வயதிலேயே தாத்தா போய்விட்டதால், இரண்டு தம்பிகளையும் ஒரு தங்கையையும் கரையேற்றும் பொறுப்பு அவருடையதாயிற்று. சிங்கப்பூருக்குப் போய்க் கட்டட வேலை பார்த்தார். சித்தப்பாக்கள் படித்ததும் அத்தைக்குக் கல்யாணம் நடந்ததும் அவர் வெயிலில் சாரத்தின்மேல் நின்று உழைத்ததால்தான். தனக்கென்று அவர் வாங்கியது நாலு மா நஞ்சை மட்டும். ஊர் திரும்பி, அம்மாவும் அவருமாக அந்த நிலத்தில் பாடுபட்டார்கள்.

தொண்ணூறுகளில் இறால் பண்ணைக்காரர்கள் வந்தார்கள். எங்கள் வயலைச் சுற்றியிருந்த நிலமெல்லாம் குத்தகைக்குப் போயிற்று. அவர்களுக்காக முன்னின்று பேசியவர் அப்பாவின் பங்காளி. எனக்குப் பெரியப்பா முறை.

"தம்பி, ஊரே குடுத்தாச்சு. நீ மட்டும் குறுக்க நிக்காத."

"ஊரே குடுத்தா அந்த உப்புத் தண்ணி எங்கண்ணே வடியும்? என் வயல்லதானே?"

அப்படியே நடந்தது. இறால் குட்டைகளின் உப்புத் தண்ணீரை வடிகாலில் திறந்துவிட்டார்கள். கதிர் பிடிக்குமுன் பயிர் கருகியது. குடிதண்ணீர்க் கிணறும் கரித்தது. அப்பா ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். "எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க, உங்களுக்கு மட்டும் என்ன பிரச்சினை?" என்று ஒரு அதிகாரி கேட்டாராம். தன் வயலில் நெல் விளைய வேண்டும் என்று நினைப்பதை ஒரு குற்றம்போல் கேட்டிருக்கிறார்!

அந்த ஐப்பசியில் பெய்த பேய் மழையில் பண்ணையின் கரை உடைந்தது. அப்பாதான் வெட்டிவிட்டார் என்று புகார் கொடுத்தார்கள். மழை வெறித்து எங்கள் வயலில் நடவு நடந்துகொண்டிருந்தபோது போலீஸ் வந்தது. காலைக் கழுவக்கூட விடாமல், சேற்றோடு அவரை ஜீப்பில் ஏற்றினார்கள். நான் வரப்பில் நின்று அழுதேன். நடவு நட்டுக்கொண்டிருந்த செல்லம்மா அக்கா நிமிர்ந்து, "நீங்க தைரியமா போயிட்டு வாங்க. நாத்த நாங்க பாத்துக்குறோம்" என்று சத்தமாகச் சொன்னார். சொன்னபடி, பொழுது சாய்வதற்குள் நட்டு முடித்துவிட்டுத்தான் அந்தப் பெண்கள் கரையேறினார்கள்.

கோர்ட்டில் பெரியப்பா சாட்சிக் கூண்டில் ஏறி, அப்பா மண்வெட்டியோடு நின்றதைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். வாய்தாமேல் வாய்தாவாக வழக்கு இழுத்தது. சிங்கப்பூரிலிருந்து பழைய மேஸ்திரி மறுபடி கூப்பிட்டார். வழக்கு இருப்பதால் பாஸ்போர்ட் கிடைக்கவில்லை. ஊர்ப் பிள்ளைகள் துபாய்க்கும் சவுதிக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். அப்பா துவைத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். கடைசியில் வழக்கு தள்ளுபடியாயிற்று. ஒருவர்கூட வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இறாலில் நோய் விழுந்ததும் பண்ணைக்காரர்கள் எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். நிலமெல்லாம் உப்புப் பூத்துக் கிடந்தது. அப்பா பசுந்தாள் உரத்துக்காகத் தக்கைப்பூண்டு விதைத்து, மடக்கி உழுது, ஆற்றுத் தண்ணீரைக் கட்டி வடித்து, வருடக்கணக்கில் போராடி அந்த மண்ணை நெல்லுக்குத் திருப்பினார். பக்கத்திலிருந்த பெரியப்பாவின் வயலுக்கும் தன் மடையைத் திறந்துவிட்டார். நான் அவரோடு சண்டை போட்டேன்.

"அவர் பண்ணுனதுக்கு நெலம் என்னம்மா பண்ணும்?" என்றார்.

போன வருடம் இதயம் தளர்ந்து, தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சில நாட்கள் கிடந்தார். வீட்டுக்குப் போகலாம் என்று அவரே கேட்டு வந்து, எங்கள் எல்லோரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கண் மூடினார்.

அன்று பெரியப்பா பெரிய மாலையோடு வந்தார். "எனக்கு வலது கை மாதிரி இருந்தான்" என்று கூட்டத்தைப் பார்த்து அழுதார். அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து வழிமறித்தார்.

"மாமா, கோர்ட்டுல சொன்னீங்கள்ல, கரைய இவரு வெட்டுனாருன்னு. அது நெசமா?"

வாசலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பெரியப்பா குனிந்து ஏதோ முணுமுணுத்தார்.

"சத்தமா சொல்லுங்க. எல்லாருக்கும் கேக்கட்டும்."

"கரை மழையில ஒடஞ்சுதும்மா. அவன் வெட்டல."

அம்மா விலகி நின்று மாலை போட வழிவிட்டார்.

அப்பாவுக்காகக் கடைசிவரை வாதாடிய வக்கீல் ஐயாவுக்கும், ஆஸ்பத்திரியில் கூடவே இருந்த சித்தப்பாக்களுக்கும், அவரைச் சுமந்து சென்ற தோள்களுக்கும் எங்கள் நன்றி. செல்லம்மா அக்காவையும் அன்று அவரோடு நட்ட பெண்களையும் கும்பிடுகிறோம்.

பெரியப்பாவையும் நன்றியில் சேர்க்கச் சொன்னார் அம்மா. எனக்கு மனம் வரவில்லை. பெரியப்பா வாய்விட்டுச் சொன்னதை அச்சில் போட்டிருக்கிறேன். அன்று வாசலில் இல்லாதவர்களும் படியுங்கள். அதைச் சொல்ல அவருக்கு எத்தனையோ வருடங்கள் இருந்தன. அப்பாவின் காதில் விழும் காலத்தில் அவர் சொல்லவில்லை.