நயினார் மேட்டு வடிவு

தூத்துக்குடி உப்பளத்தில் அருணாசலவடிவை எல்லோரும் சிலோன்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் பிறந்தது இலங்கை மலைநாட்டில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீடுகளில். உடன்குடியிலிருந்து போன அவள் தாத்தா நயினாரும் இன்னும் மூன்று குடும்பங்களும் காடு வெட்டித் திருத்திய சரிவு அது. வந்தவர்களில் பாதிப் பேரைக் குளிர்காய்ச்சல் கொண்டுபோனது. மிஞ்சியவர்கள் ஒரு பலாமரத்தடியில் கல் நட்டு, பேச்சியம்மன் என்று கும்பிட்டார்கள். அந்த இடத்துக்கு நயினார் மேடு என்று பேர் விழுந்தது.

தோட்டத்து ஆட்களை இரு நாடுகளும் பங்கு பிரித்துக்கொண்ட ஒப்பந்தப்படி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில் வடிவுக்கும் கணவன் இசக்கியப்பனுக்கும் இந்தியா என்று முடிவாகி வந்தது. தனியாக மனுப் போட்டிருந்த மகன் செந்தூர்பாண்டிக்கு இலங்கைக் குடியுரிமை. லாரி ஏறும்போது, "முன்னால போங்கம்மா, பொறகு வந்து பாக்கேன்" என்றான் பாண்டி. எப்படி வருவாய் என்று அவள் கேட்கவில்லை.

கப்பலிறங்கி உடன்குடிக்குத்தான் முதலில் போனார்கள். தாத்தாவின் தம்பி பேரன் அங்கே கருப்பட்டிக் கடை வைத்திருந்தார். இலை போட்டுச் சோறு போட்டார். கை கழுவிய பிறகு மெல்ல ஆரம்பித்தார்.

"தப்பா நெனைக்காதம்மா. ஒங்க தாத்தா பங்குன்னு இங்கன ஒண்ணும் கெடையாது."

"பங்கு கேக்க வரலை அண்ணாச்சி. ஊரைப் பாத்துட்டுப் போவலாம்னு வந்தோம்" என்றான் இசக்கியப்பன்.

வடிவு வாசலுக்கு வெளியே கிடந்த செம்மண்ணைப் பார்த்தாள். தாத்தா சாகும்வரை பேசிய மண். அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

உப்பளத்தில் வேலை கிடைத்தது. குளிரில் வளர்ந்த இசக்கியப்பனுக்கு அந்த வெயில் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் கோடையில் பாத்தி வரப்பில் சுருண்டு விழுந்தவன் எழுந்திருக்கவே இல்லை. காரியம் முடிந்த மறுநாளே வடிவு உப்புக்கூடையைத் தலையில் ஏற்றினாள்.

இலங்கையில் நடந்த எழுபத்தேழு கலவரத்துக்குப் பிறகு, அதே தோட்டத்துப் பேச்சிமுத்து தப்பி வந்து அவளைத் தேடிப் பிடித்தான்.

"லயத்தையெல்லாம் கொளுத்திட்டானுவ அக்கா. பாண்டி குடும்பத்தைக் கண்டவங்க யாருமில்ல."

"செரி" என்றாள். கூடையை எடுத்தாள்.

கூட வேலை செய்த சங்கரம்மாள் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். "அழுதிரு ளா. இப்பிடி இருந்தா நெஞ்சு வெடிச்சிரும்."

"வரமாட்டேங்கு. நான் என்ன செய்ய?"

மகன் செத்துவிட்டான் என்றே மனதில் வைத்துக்கொண்டு நடமாடினாள். மறு வருடம் பங்குனியில் அவன் பெண்டாட்டி பிள்ளையோடு குடிசை வாசலில் வந்து நின்றான். காட்டுக்குள் ஓடி, வவுனியா முகாமில் கிடந்து, கடைசியில் கப்பலேறியிருக்கிறான். காலில் விழுந்து குலுங்கி அழுதான். வடிவு அவன் தலையைத் தொட்டுவிட்டு உலை வைக்கப் போனாள்.

சாப்பிடும்போது, "பேச்சியம்மன் மரத்தையும் வெட்டிட்டாங்கம்மா" என்றான். அவள் அவனுக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள்.

"நான் வந்தது ஒனக்குச் சந்தோசமில்லையாம்மா?"

வடிவு கரண்டியோடு யோசித்தாள். "சந்தோசந்தாம்லே. எங்கன கெடக்குன்னுதான் தெரியல."

மறுநாள் காலை வேலை கேட்க அவனை உப்பளத்துக்குக் கூட்டிப்போனாள். கணக்கப்பிள்ளை நிமிர்ந்து பார்த்து, "யாரு இது?" என்றார்.

"எம் மவன்."

சொன்னதும், இத்தனை நாள் வராத அழுகை வந்தது. ஊர், பேர் என்று அவர் அடுத்துக் கேட்கும்போதே அவள் வரப்பில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பாண்டிதான் பதில் சொன்னான்.